முதல் மலையாக எதைத் தேர்வது?

2025 ஜனவரி 5, மாலை (கேள்வி)

அண்ணாச்சி, நாங்கள் ஐந்து பேர். பாளையங்கோட்டையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறோம். இதுவரை எங்களில் எவரும் மலை ஏறியதில்லை. பொங்கல் கழிந்ததும் பொதிகை உச்சிக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். கேரளப் பக்கம் அனுமதி வாங்கிச் செல்லலாம் என்கிறார்கள். முதல் மலை நம் மலையாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. எங்களில் ஒருவனுக்குச் சிறுவயது முதல் இளைப்பு (ஆஸ்துமா) உண்டு, ஆனால் சமாளித்துவிடுவேன் என்கிறான். தினமும் காலையில் மைதானத்தில் ஓடுகிறோம். இது போதுமா?

2025 ஜனவரி 5, இரவு

போதாது, தம்பி. ஆசையில் குறையில்லை. அம்பாசமுத்திரத்து வயல் வரப்பில் நின்று மேற்கே பார்த்து வளர்ந்தவர் எவருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் பொதிகை 1,868 மீட்டர் உயரம் கொண்டது. கேரளப் பக்கம் போணக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி தொட்டுத் திரும்ப வேண்டும். கடைசிப் பகுதியில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய பாறைகள் இருக்கின்றன. நம் பக்கத்து வழியோ களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்காடு. அனுமதியின்றி அங்கே கால் வைப்பதே குற்றம். முதல் முறை ஏறுகிறவருக்கு இது ஏற்ற மலையன்று.

மைதானத்தில் ஓடுவது நல்லதுதான். ஆனால் ஓட்டம் மூச்சைப் பழக்குமே தவிர இறக்கத்தைப் பழக்காது. ஆயிரம் மீட்டர் ஏறியவர் அதே ஆயிரம் மீட்டரைத் தொடையும் முழங்காலும் நடுங்க நடுங்க இறங்க வேண்டும். நான் பார்த்த சறுக்கல்களில் பெரும்பாலானவை இறங்கும்போது நிகழ்ந்தவை.

2025 ஜனவரி 6, காலை

நேற்று உங்கள் மலையை வேண்டாம் என்று சொன்னேனே தவிர, எப்படித் தேர்வது என்று சொல்லவில்லை. இரவெல்லாம் அது மனத்தில் உறுத்தியது.

மலைக்குப் புதியவர்கள் உச்சியைத் தேர்கிறார்கள். படத்தில் பார்த்த பாறை, அதன்மேல் நிற்கும் ஒருவர், கீழே மேகம்; இவ்வளவுதான் அவர்கள் மலையைப் பற்றி அறிந்தது. அந்தப் படத்தை எடுத்தவர் எத்தனை மணிக்கு அங்கே இருந்தார், எத்தனை ஓடைகளைக் கடந்து வந்தார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதெல்லாம் படத்தில் இல்லை. இரண்டாவதாகப் பெயரைத் தேர்கிறார்கள்: பொதிகை, வெள்ளியங்கிரி, சதுரகிரி. மூன்றாவதாக உயரத்தைத் தேர்கிறார்கள். மூன்றிலும் திரும்பி வரும் வழி இல்லை.

ஆகவே முதல் மலைக்கு நான் கேட்கும் கேள்விகள் வேறு. வழி கண்ணுக்குத் தெரியும்படி உள்ளதா? பாதியில் நின்றால் வந்த வழியே எளிதாக இறங்க முடியுமா? இடையில் ஓடை உண்டா, மழை பெய்தால் அது என்ன ஆகும்? ஒருவருக்குக் கால் பிசகினால் அவரைத் தூக்கி வரும் தொலைவு எவ்வளவு? உயரத்தை நான் கணக்கில் எடுப்பதேயில்லை.

2025 ஜனவரி 6, மதியம்

உயரத்தைக் கணக்கில் எடுப்பதேயில்லை என்று காலையில் எழுதியது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏறவேண்டிய மலை என்றால் 2 மணி 42 நிமிடம் வரும். அது குளிர்நாட்டில் பழகிய கால்களுக்கு உரிய கணக்கு. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும், புதியவர்களுக்கும், நான் அதை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஏறவே நான்கு மணி நேரம். ஆக, உயரம் நேரமாகவும் தண்ணீராகவும் நம்மிடம் திரும்பி வருகிறது. குளிராகவும் வருகிறது: நூறு மீட்டருக்கு ஏறக்குறைய அரை டிகிரிக்கு மேல் குறைந்துகொண்டே போவதால், அம்பாசமுத்திரத்தில் வியர்க்கும் நேரத்தில் பொதிகை உச்சியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் நம் ஊர்க்காரர்களுக்கும் விரல் விறைத்துப்போகும்.

2025 ஜனவரி 6, இரவு

நம் பக்கத்து மலைகளுக்கே உரிய ஒரு செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுவாக எழுதப்படும் அறிவுரைகளில் நான் இதைப் பார்த்ததில்லை.

திருநெல்வேலிச் சீமை மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிறது. கதிரவன் மலைக்குப் பின்னால் மறைகிறது. இந்த மாதத்தில் நாட்காட்டி மறைவு நேரத்தை மாலை 6 மணிக்குப் பிறகு காட்டும். ஆனால் கிழக்குச் சரிவில் நிற்பவருக்கு நான்கு, நான்கரைக்கே முகடு வெயிலை வாங்கிக்கொள்ளும். மரக்கூட்டத்துக்குள் ஐந்தரைக்கு வேரும் கல்லும் ஒரே நிறமாகிவிடும். கைப்பேசியில் மறைவு நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுகிறவர் கண்ணறியாமல் ஒன்றரை மணி நேரத்தை இழக்கிறார். ஊரில் இருப்பவர்களுக்கு வானம் வெளிச்சமாகவே இருப்பதால், "இன்னும் இருட்டவில்லையே" என்று அவர்களும் தேடி வர மாட்டார்கள்.

அதனால் நான் ஒரு நேரத்தை வகுத்துக்கொண்டிருக்கிறேன்: எங்கே இருந்தாலும் பிற்பகல் 1 மணிக்குத் திரும்ப வேண்டும்.

2025 ஜனவரி 8

தனிமடலில் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களுக்கு ஏதேனும் நேர்ந்ததா?" நேர்ந்தது. இதை எழுத எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

1996 டிசம்பர். எனக்கு இருபது வயது. எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மேற்கே ஒரு முகடு தெரியும். அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாரேனும் தேடிப் போவார்கள். நாங்கள் நால்வர். அனுமதி எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு இல்லை. விடியற்காலையில் சைக்கிளில் அடிவாரம் செல்வதாக ஏற்பாடு. ஒருவன் வரத் தாமதமானதால் ஏறத் தொடங்கியபோது எட்டரை ஆகிவிட்டது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் புளியோதரை, கையில் கத்தி, காலில் ரப்பர் செருப்பு.

முகட்டை எட்டியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தண்ணீர் தீர்ந்திருந்தது. கீழே எங்கள் ஊர்க் குளம் வெள்ளித் தகடு போலத் தெரிந்தது. அவ்வளவு அருகில் தெரிந்ததுதான் எங்களைக் கெடுத்தது. ஏறி வந்த வழி வளைந்து வளைந்து போனது. பக்கத்தில் வறண்ட ஓடை ஒன்று நேராக ஊரை நோக்கி இறங்கியது. புதரில்லை, முள்ளில்லை, போட்டு வைத்த பாதை போல இருந்தது. அதில் இறங்கினோம்.

மலையோடை எதுவும் கீழ்வரை நடக்கும் பாதையாக இருக்காது. தண்ணீர் குதிக்கும், மனிதன் குதிக்க முடியாது. முக்கால் மணி நேரத்தில் மூன்று இடங்களில் உட்கார்ந்து சறுக்கி இறங்கினோம். நான்காவது இடத்தில் ஓடை முப்பது அடி ஆழத்துக்கு வெட்டென நின்றது. மழைக்காலத்தில் அது அருவி. திரும்பி ஏற முயன்றபோது, சறுக்கி வந்த பாறைகளில் கைக்குப் பிடி கிடைக்கவில்லை. வெயில் போய்விட்டது. என் நண்பன் ஒருவன் பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கி விழுந்தான். கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

இரவு முழுவதும் அங்கேயே இருந்தோம். நள்ளிரவில் தூறியது. காலையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்கள் கூச்சலைக் கேட்டு வேறு வழியாக ஏறி வந்தார். வேட்டியை இரண்டு கம்புகளில் தூளி கட்டி, ஊரிலிருந்து வந்த ஏழு பேர் மாறி மாறிச் சுமந்து, சாலையை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. நண்பனின் கால் குணமாக எட்டு மாதங்கள் ஆயின. அவன் இன்றும் அந்தக் காலைச் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறான். ரப்பர் செருப்புத்தான் காரணம் என்று நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

2025 ஜனவரி 9

108 ஊர்தி சாலை வரைதான் வரும்; அதற்கு மேல் மனிதத் தோள்கள்தான். நம் மலைகளின் பல மடிப்புகளில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

2025 ஜனவரி 11

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் கூட்டத்தோடு போகும் கோயில் மலைக்குப் போகலாமா? வெள்ளியங்கிரிக்கு எங்கள் பகுதியிலிருந்து வேனில் ஆட்கள் போகிறார்கள்."

முதலில், "கூட்டம் இருக்கும், வழி தவறாது, போகலாம்" என்று பதில் எழுதினேன். பதிவிடும் முன் அழித்துவிட்டேன். வெள்ளியங்கிரி ஏழு மலைகளைத் தாண்டும் ஏற்றம், உச்சி ஏறக்குறைய ஆறாயிரம் அடி. ஏறத் திறந்துவிடும் மாதங்களில் மூச்சுத் திணறியும் நெஞ்சுவலி வந்தும் பக்தர்கள் இறந்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அவர்களில் இளைஞர்களும் உண்டு. வழி தெளிவாக இருப்பது ஓர் ஆபத்தைத்தான் நீக்குகிறது. கூட்டத்தில் நடப்பவர் தம் மூச்சுக்கு நடப்பதில்லை, முன்னால் போகிறவரின் மூச்சுக்கு நடக்கிறார். வேண்டுதல் வேறு இருந்தால் திரும்புவது தெய்வக்குற்றமாகத் தோன்றும். இளைப்பு உள்ள உங்கள் நண்பருக்கு இது பொதிகையைவிடக் கடினமான சோதனையாக அமையலாம்.

ஓடைக்கும் கூட்டத்துக்கும் உள்ள உறவையும் எண்ணிப் பாருங்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளத்தில் நம் பகுதி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நாம் நிற்கும் இடத்தில் மழை வேண்டியதில்லை. மேலே எங்கோ பெய்தால் போதும். தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் திடீரென மிகுதியாக மிதந்து வந்தாலும், ஓடையின் ஓசை தடித்தாலும், பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். காரையாறு பகுதிக் காணிக்காரர் (மலைப் பழங்குடியினர்) ஒருவருடன் ஒருமுறை நடந்தேன். ஒவ்வோர் ஓடையையும் கடக்கும் முன் அவர் நின்று கேட்பார். கேட்காமல் அவர் கால் நனைத்ததை நான் பார்க்கவில்லை.

2025 ஜனவரி 12, காலை

காலம் பற்றி ஒரு வரி. நமக்கு இரண்டு மழைகள் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் முகடு தாண்டி வரும் சாரல் பாறையை வழுக்கலாக்கும், அட்டையைக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மழை காட்டாறுகளை நிரப்பும். அது மார்கழியிலும் ஓயாது என்பதை 2023 டிசம்பர் 17, 18 நமக்குக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மாசி முதல் போதைப்புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் புதியவர்கள், விடுமுறைக்கு வந்த இளைஞர்கள். அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகள் வகுத்தது. ஆகவே தை மாதம் நல்ல காலம். அதில் உங்கள் தேர்வு சரியானது.

2025 ஜனவரி 12, மாலை

"போதைப்புல்" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆளுயரம் வளர்ந்து காயும் மலைப்புல் என்று பொருள் கொள்க.

2025 ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துச் சொல்ல அந்த நண்பனை இன்று அழைத்தேன். இங்கே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவன், "செருப்பை விடு, அது காரணமில்லை" என்றான்.

அன்று பதினொரு மணிக்கே அவனுக்குத் தலை சுற்றியதாம். பன்னிரண்டு மணிக்கு ஒரு பாறையடியில் உட்கார்ந்தபோது திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தானாம். அந்த நேரத்தில் நான், "இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்றேனாம். எனக்கு நினைவில்லை. மற்ற இருவரும் எழுந்துவிட்டார்கள், அவனும் எழுந்துவிட்டான். தாமதமாக வந்தவன் அவன்தான். தன்னால் நேரமாகிவிட்டது என்ற கூச்சம் வேறு இருந்திருக்கிறது. பாறையில் கால் வைத்தபோது கண் இருட்டியதாகச் சொன்னான். தண்ணீரும் உப்பும் இல்லாத உடம்பு எந்தச் செருப்பில் நின்றாலும் வழுக்கத்தான் செய்யும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் என்னிடம் அவன் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

2025 ஜனவரி 15, விடியற்காலை

இதுவரை நான் எழுதியவற்றை மறுபடி படித்தேன். நெய்ஸ்மித் கணக்கு, முகட்டு நிழல், ஓடை எல்லாம் உண்மை. ஆனால் ஜனவரி 6 அன்று எழுதிய கேள்விகளில் முதலில் இருந்திருக்க வேண்டியது விடுபட்டிருக்கிறது: இந்த மலையில் நம்மில் ஒருவர் "போதும்" என்று சொன்னால் மற்றவர்களுக்கு எதை இழந்தது போலத் தோன்றும்?

பொதிகைக்கு அனுமதிச் சீட்டு எளிதில் கிடைக்காது. பணம் கட்டி, விடுப்பு எடுத்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனபின் பாதியில் நிற்பவர், ஐந்து பேருடைய ஆண்டையும் வீணாக்கியவராகத் தம்மையே கருதுவார். ஆகவே வாய் திறக்க மாட்டார். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும், அடுத்த ஞாயிறும் போகலாம் என்ற மலையில் அவர் தயங்காமல் சொல்வார். முதல் மலை சிறியதாகவும் அருகிலும் இருக்க வேண்டும் என்பதற்குக் கால்வலியைவிட இது பெரிய காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பிற்பகல் 1 மணி என்று நான் வகுத்த நேரத்தையும் மாற்றுகிறேன்: முதல் மலைக்குக் காலை 10 மணி. வெயில் ஏறும் முன் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

2025 ஜனவரி 15, மாலை

எந்த மலை என்று பெயர் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். கடையத்துக்கு அருகில் தோரணமலை. அகத்தியரும் தேரையரும் வாழ்ந்த இடம் என்று சொல்வார்கள். உச்சியில் முருகன் குகைக்கோயில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். படி என்று இகழ வேண்டாம். ஏற்றமும் இறக்கமும் உங்கள் முழங்காலை உங்களுக்கு அறிமுகப்படுத்தும். உச்சியில் நின்றால் மேற்கே மலைத்தொடர் சுவர் போல எழுந்து நிற்கும். தைப்பூசத்தன்று வேண்டாம், கூட்டம். அதன்பின் இரண்டாம் நடைக்குத் திருக்குறுங்குடி மலைநம்பி கோயில் வழி: காட்டுப் பாதை, நீரோடை, வனத்துறைச் சோதனைச்சாவடி, எல்லாம் சிறு அளவில் இருக்கின்றன. மழைக்குறி இருந்தால் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள், வாதாடாதீர்கள். மூன்றாவதாக, தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 வழிகள் உள்ளன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள். எளிதிலிருந்து தொடங்குங்கள். பொதிகை இரண்டாண்டுகள் கழித்தும் அங்கேயே இருக்கும்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். உப்புப் போட்ட எலுமிச்சை நீர், கோவில்பட்டி கடலைமிட்டாய், பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட பழகிய காலணி, தலைவிளக்கு ஒன்று, ஊதல் ஒன்று. நறுமணத் தெளிப்பு பூச வேண்டாம். பாறைத்தேனீக்கள் நிறைந்த மலைகள் இவை.

2025 ஜனவரி 17 (கேள்வி கேட்டவர்)

அண்ணாச்சி, பதினான்காம் தேதிக் குறிப்பைப் படித்தபின் இளைப்பு உள்ள எங்கள் நண்பனைத் தனியாக அழைத்துக் கேட்டோம். முதலில் சிரித்தான். பிறகு, பொதிகைத் திட்டம் போட்ட நாள் முதல் இரவில் தூக்கம் வரவில்லை என்றான். தோரணமலைக்கு வருகிறான். பாதிவரை ஏறிப் பார்க்கிறேன் என்கிறான்.

2025 ஜனவரி 17, இரவு

நல்லது. ஆனால் பாதி எது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மேலே நின்று முடிவு செய்யும் பாதி நகர்ந்துகொண்டே போகும். அவர் உறிஞ்சும் மருந்து அவர் சட்டைப்பையில் ஒன்று, உங்களில் வேறொருவர் பையில் ஒன்று இருக்கட்டும். அவருடைய மருத்துவரிடம் முன்னதாக ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அவரை முன்னால் நடக்க விடுங்கள், மற்ற நால்வரும் அவர் வேகத்தில் பின்னால் வாருங்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருப்பேன். என் நண்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் ஏற மாட்டான். உங்கள் நண்பர் நிற்கும் இடம்வரை மெதுவாக வந்து, அவரோடு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான்.